டெம்பரேச்சர் சென்சார் வாங்கறதுக்கு முன்னாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோயம்புத்தூர்ல கன்ட்ரோலர் போர்டு சர்வீஸ் பண்றேன். முட்டை இன்குபேட்டர், பேக்கரி ஓவன், பால் கூலர், சின்ன ஃபர்னஸ், இதெல்லாம்தான் அதிகமா கைக்கு வரும். வர்ற எல்லாரும் சென்சார் பத்தி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேக்கறாங்க, அவசரத்துல ஒவ்வொருத்தருக்கும் பாதி பதில் சொல்றதை விட ஒரு தடவை முழுசா எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். படிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. எந்த சென்சாரும் முட்டையோட சூட்டையோ பாலோட சூட்டையோ சொல்றதில்லை, அது தன்னோட உடம்பு சூட்டை மட்டும்தான் சொல்லும். பால் சூடும் சென்சார் சூடும் ஒண்ணா இருக்கற மாதிரி வைக்கறது நம்ம வேலை. கீழ வர்ற முக்கால்வாசி பதில் இதைத்தான் சுத்தி வரும்.

எந்த சென்சார் பெஸ்ட்?

இதுக்கு நான் திருப்பி நாலு கேள்வி கேப்பேன். எத்தனை டிகிரியில இருந்து எத்தனை டிகிரி வரைக்கும் அளக்கணும், எத்தனை டிகிரி தப்பானா உங்களுக்கு நஷ்டம், காத்துலயா தண்ணியிலயா எண்ணெயிலயா, சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவுல ஒயர் எவ்வளவு நீளம். இந்த நாலுக்கும் பதில் இருந்தா சென்சார் தானா முடிவாயிடும். "1200 டிகிரி வரைக்கும் தாங்கும், அப்ப இதுதான் நல்லது"ன்னு ஒருத்தர் இன்குபேட்டருக்கு தெர்மோகப்பிள் வாங்கிட்டு வந்தார். அது கே டைப்னு ஒரு வகை, அதுக்கு ஸ்டாண்டர்டுல அனுமதிச்ச பிழையே கூட்டல் கழித்தல் 2.2 டிகிரி. முட்டைக்கு அரை டிகிரியே பெருசு. ரேஞ்ச் பெருசா இருக்கறதால சென்சார் நல்லதுன்னு ஆகாது.

என்னென்ன வகை இருக்கு, சுருக்கமா?

என்டிசி தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும், ஏசி, ஃப்ரிட்ஜ், இன்குபேட்டர், த்ரீடி பிரின்டர் எல்லாத்துலயும் இதுதான் இருக்கும். பிடி100, பிளாட்டினம் ரெசிஸ்டன்ஸ், 0 டிகிரியில 100 ஓம், பால் பிளான்ட், மருந்து கம்பெனி மாதிரி துல்லியம் வேணுங்கற இடத்துல பாக்கலாம். தெர்மோகப்பிள், ரெண்டு வேற வேற உலோக ஒயரை முனையில ஒட்டினது, ஓவனுக்கும் ஃபர்னஸுக்கும். அப்புறம் ஐசி சென்சார், அதாவது சின்ன சிப், எல்எம்35, டிஎஸ்18பி20 மாதிரி, 100 டிகிரி சுத்துக்குள்ள சின்ன ப்ராஜெக்ட்டுக்கு சௌகரியம். கடைசியா தொடாமலே அளக்கற ஐஆர் (இன்ஃப்ராரெட்) சென்சார்.

இன்குபேட்டர் சென்சார் வீணாகி புதுசு மாத்தினேன், டிஸ்ப்ளே சரியா 37.7 காட்டுது, ஆனா முட்டை பொரிக்கவே இல்லை. ஏன்?

இதை விரிவா சொல்லணும், ஏன்னா இதுல நஷ்டப்பட்டவங்களை நேர்ல பாத்திருக்கேன். நாமக்கல் பக்கத்துல இருந்து ஒருத்தர் மெஷினோட வந்தார், எலி ஒயரை கடிச்சுடுச்சு, கடையில "10கே சென்சார்"னு கேட்டு அதே மாதிரி கறுப்பு மணி வச்ச சென்சார் வாங்கி மாட்டியிருக்கார். ரெண்டு பேட்ச் போச்சு. உடைச்சுப் பாத்தா குஞ்சு உருவாகி உள்ளேயே செத்திருக்கு. முட்டையை சந்தேகப்பட்டிருக்கார், கரன்ட் கட்டை சந்தேகப்பட்டிருக்கார், சென்சார் புதுசுங்கறதால அதை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

நான் ஒரு பிளாஸ்க்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, அதுல அவரோட சென்சாரையும் காய்ச்சல் பாக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்துக் கட்டி முக்கினேன். தெர்மாமீட்டர் 37.0, டிஸ்ப்ளே 35.4. போர்டுல இருந்து சென்சாரை கழட்டி மல்டிமீட்டர் வச்சேன், 6.4 கிலோ ஓம். அந்த போர்டு எதிர்பாக்கற சென்சாரா இருந்தா 37 டிகிரியில சுமார் 6 கிலோ ஓம் வரணும்.

விஷயம் இதுதான். 10கேன்னா 25 டிகிரியில 10,000 ஓம், அவ்வளவுதான் அர்த்தம். அதுக்கு மேலயும் கீழயும் எவ்வளவு வேகமா மாறும்ங்கறதை பீட்டான்னு ஒரு நம்பர் சொல்லும். மார்க்கெட்ல 3950ன்னும் 3435ன்னும் ரெண்டு பீட்டா சகஜமா கிடைக்கும், பாக்க அச்சு அசல் ஒண்ணா இருக்கும். ரெண்டும் 25 டிகிரியில ஒண்ணைத்தான் காட்டும், அதனால கடையில வச்சு செக் பண்ணா கூட வித்தியாசம் தெரியாது. 3950க்கு எழுதின போர்டுல 3435 சென்சாரை மாட்டினா, டிஸ்ப்ளே 37.7 காட்டும்போது உள்ள உண்மையான சூடு கிட்டத்தட்ட 39.7. ரெண்டு டிகிரி. ஃபேன் வச்ச மெஷின்ல கோழி முட்டைக்கு 21 நாளும் 37.5ல இருந்து 37.8க்குள்ள நிக்கணும், 39.7ல நாள் கணக்கா வச்சா கரு தாங்காது.

3950 வாங்கி மாட்டி, பிளாஸ்க் டெஸ்ட் பண்ணி, மிச்சம் இருந்த 0.2 வித்தியாசத்தை போர்டுல ஆஃப்செட்டா போட்டுக் கொடுத்தேன். அடுத்த பேட்ச்ல குஞ்சு வந்துச்சுன்னு போன் பண்ணார். தெர்மிஸ்டர் வாங்கும்போது ரெண்டு நம்பர் கேளுங்க, எத்தனை கே, எத்தனை பீட்டா. ரெண்டாவது தெரியலைன்னு கடைக்காரர் சொன்னா அந்த சென்சாரை முட்டைக்கு மேல மாட்டாதீங்க.

கையில இருக்கற 10கே சென்சாரோட பீட்டா என்னன்னு வீட்லயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஐஸை நல்லா நொறுக்கி டம்ளர் நிறைய போட்டு, இடுக்கு நிரம்பற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி, அஞ்சு நிமிஷம் சென்சாரை உள்ள வச்சு கலக்கி விடுங்க. மல்டிமீட்டர்ல 32ல இருந்து 34 கிலோ ஓம் வந்தா 3950 பக்கம், 27ல இருந்து 29 வந்தா 3435 பக்கம். அளக்கும்போது சென்சார் போர்டுல இருந்து கழட்டியிருக்கணும், மல்டிமீட்டர் முனையை விரலால பிடிக்கக் கூடாது, நம்ம உடம்பு ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து ரீடிங்கை இறக்கிடும். மணியில ஒயர் சேர்ற இடம் திறந்திருந்தா தண்ணி பட்டு ரீடிங் தப்பும், சின்ன பிளாஸ்டிக் கவர்ல இறுக்கி சுத்தி முக்குங்க.

டிஸ்ப்ளேல 37.06, 37.12ன்னு ரெண்டு டெசிமல் வருது. அப்ப துல்லியமான சென்சார்தானே?

இல்லைங்க. டிஎஸ்18பி20ஐயே எடுத்துக்கங்க, 12 பிட்ல ஒவ்வொரு படியும் 0.0625 டிகிரி, அதனால டெசிமல் அழகா ஓடும். ஆனா கம்பெனி கொடுக்கற உத்தரவாதம் மைனஸ் 10ல இருந்து 85 வரைக்கும் கூட்டல் கழித்தல் 0.5 டிகிரி. அதாவது 37.06ன்னு காட்டினா உண்மை 36.56ல இருந்து 37.56க்குள்ள எங்க வேணா இருக்கலாம். படி சின்னதா இருக்கறது வேற, சரியா இருக்கறது வேற. சூடு ஏறுதா இறங்குதான்னு பாக்க சின்ன படி உதவும், எத்தனை டிகிரின்னு சொல்ல உதவாது. நிஜமாவே 0.1 டிகிரி வேணும்னா டிஎம்பி117ன்னு ஒரு ஐசி இருக்கு, மைனஸ் 20ல இருந்து 50 வரைக்கும் 0.1 டிகிரிக்குள்ள நிக்கும், இல்லைன்னா நல்ல பிடி100ஐ என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தர்ற இந்திய அமைப்பு) அங்கீகாரம் இருக்கற லேப்ல கலிப்ரேட் பண்ணி, அதாவது சரியான அளவோட ஒப்பிட்டு பிழையைக் கண்டுபிடிச்சு, வாங்கணும்.

வீட்லயே கலிப்ரேட் பண்றது எப்படி?

ஐஸ் டம்ளர்தான் முதல் வழி, மேல சொன்ன மாதிரி. ஐஸ் தண்ணில மிதக்கக் கூடாது, அடி வரைக்கும் ஐஸா இருக்கணும். சும்மா நாலு கட்டி மிதக்கற தண்ணில அடியில 4 டிகிரி கூட இருக்கும்.

கொதிக்கற தண்ணியை ரெண்டாவது புள்ளியா எடுக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. 100 டிகிரிங்கறது கடல் மட்டத்துல. சென்னையில சரி. கோயம்புத்தூர் 400 மீட்டருக்கு மேல இருக்கு, இங்க 98.6 பக்கத்துலயே கொதிச்சுடும். ஊட்டியில 92, 93லயே கொதிக்கும். குன்னூர்ல இருந்து ஒருத்தர், புது சென்சார் ஆறு டிகிரி குறைச்சுக் காட்டுதுன்னு திருப்பி அனுப்பப் போறேன்னு கேட்டார், சென்சார் சரியாத்தான் இருந்துச்சு. தோராயமா 300 மீட்டர் ஏறினா ஒரு டிகிரி குறையும்னு வச்சுக்கங்க.

இன்குபேட்டர் மாதிரி 37 டிகிரி வேலைக்கு ஐஸும் கொதிநீரும் ரெண்டுமே தூரம். பிளாஸ்க் தண்ணியும் காய்ச்சல் தெர்மாமீட்டரும் போதும், எந்த சூட்டுல வேலையோ அந்த சூட்டுக்குப் பக்கத்துல செக் பண்றதுதான் உபயோகம்.

டிஎஸ்18பி20 திடீர்னு 85 காட்டுது, சில சமயம் மைனஸ் 127. சென்சார் போயிடுச்சா?

ரெண்டும் சூடு இல்லை, ரெண்டும் தகவல். சப்ளை வந்த உடனே அந்த ஐசியோட மெமரியில 85ங்கற நம்பர்தான் இருக்கும். 12 பிட்ல ஒரு தடவை அளக்க 750 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆகும், அது முடியறதுக்குள்ள படிச்சா 85 கிடைக்கும். நடுவுல அப்பப்ப 85 வந்தா சப்ளை ஒரு கணம் விட்டு வருதுன்னு அர்த்தம், கனெக்டரைப் பாருங்க. மைனஸ் 127ங்கறது சென்சார் பதிலே சொல்லலைன்னு, அதைப் படிக்கற ப்ரோகிராம் லைப்ரரி நமக்கு சொல்றது, ஒயர் கட், இல்லைன்னா டேட்டா லைனுக்கும் சப்ளைக்கும் நடுவுல போட வேண்டிய 4.7கே ரெசிஸ்டர் இல்லை. இந்த ரெண்டு நம்பரையும் ப்ரோகிராம் கோடுல தனியா பிடிச்சு ஒதுக்கணும். மைனஸ் 127ஐ "ரொம்ப குளிரா இருக்கு"ன்னு எடுத்துக்கிட்டு ஹீட்டரை ஆன்லயே வச்ச கோடு என்கிட்ட வந்திருக்கு, பெட்டியோட உள்பக்க தெர்மாகோல் சுருங்கிப் போயிருந்துச்சு.

வாட்டர்ப்ரூஃப் ப்ரோப்னு வாங்கினேன், ஒரு மாசத்துல தப்பு தப்பா காட்டுது.

அந்த ஸ்டீல் குழாய் தண்ணியை விடாது, ஒயர் உள்ள நுழையற வாய்தான் விடும். ஒரு ப்ரோப்பை அறுத்துப் பாத்தேன், உள்ள ஐசியோட மூணு கால்லயும் பச்சை பூத்திருந்துச்சு, குழாயோட அடியில ஒரு சொட்டு தண்ணி. மீன் தொட்டியில அடி வரைக்கும் முழுசா முக்கி வச்சிருந்தது. சூடு ஏறி இறங்கும்போது குழாய்க்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு சுருங்கும், சுருங்கும்போது வாய் வழியா ஈரத்தை உறிஞ்சும், மாசக்கணக்குல அது சேரும். வாய் தண்ணிக்கு மேல இருக்கற மாதிரி மாட்டுங்க. முழுசா முக்கியே ஆகணும்னா வாய்ல எபாக்சி ஊத்தி, உள்ள பசை இருக்கற வகை ஹீட் ஷ்ரிங்க் போட்டு சுருக்குங்க. இன்னொண்ணு, டிஎஸ்18பி20ல போலி ரொம்ப ஓடுது, சிலது அரை டிகிரியைத் தாண்டும். பத்து வாங்கினா பத்தையும் ஒரே டம்ளர்ல முக்கிப் பாருங்க.

எல்எம்35 ரீடிங் குதிச்சுக்கிட்டே இருக்கு.

எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். 5 வோல்ட் ரெஃபரன்ஸ்ல 10 பிட் ஆர்டுயினோவுக்கு (நாமளே ப்ரோகிராம் எழுதற சின்ன போர்டு) ஒரு படியே 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டிகிரி, அதனால அரை அரை டிகிரியா குதிக்கறது இயல்பு. 1.1 வோல்ட் உள் ரெஃபரன்ஸுக்கு மாத்துங்க, படி 0.1 டிகிரிக்கு வந்துடும், ஆனா 110 டிகிரிக்கு மேல படிக்க முடியாது. ஒயர் நீளமா இருந்தா அவுட்புட் ஆடும், 75 ஓமும் 1 மைக்ரோஃபாரடும் சீரிஸ்ல வச்சு அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போட்டா அடங்கும். 3.3 வோல்ட் போர்டுல எல்எம்35 வேண்டாம், அதுக்கு குறைஞ்சது 4 வோல்ட் வேணும், டிஎம்பி36 வாங்கிக்கங்க. அதுல 0 டிகிரிக்கே 500 மில்லிவோல்ட் இருக்கும், கோடுல கழிக்க மறந்துடாதீங்க. தொட்டா விரல் சுடுதுன்னா கால் மாத்தி மாட்டியிருக்கீங்க, உடனே கழட்டுங்க.

டிஎச்டி11 போதுமா?

சூடும் ஈரப்பதமும் அளக்கற சின்ன சென்சார் இது, ரூம்ல சும்மா பாக்கறதுக்கு போதும். பிழை ரெண்டு டிகிரி, முட்டைக்கோ மருந்துக்கோ கூடாது. ஈரப்பதமும் சேர்த்து வேணும்னா எஸ்எச்டி31 பக்கம் போங்க, காசுக்கு ஏத்த பொருள்.

தெர்மோகப்பிள் எப்படி வேலை செய்யுது? கே, ஜே, எஸ்னு எதை வாங்கறது?

ரெண்டு வேற உலோகத்தை சேர்த்து ஒரு முனையை சூடாக்கி இன்னொரு முனையை குளிர்ச்சியா வச்சா வோல்டேஜ் வரும். 1821ல தாமஸ் சீபெக் கவனிச்ச விஷயம், அதனால அவர் பேர்லயே சொல்றாங்க. கே டைப்புல ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட், ரொம்ப சின்னது. முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, அது அளக்கறது ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை. கன்ட்ரோலர் தன்னோட டெர்மினல் எத்தனை டிகிரியில இருக்குன்னு தனியா அளந்து அதைக் கூட்டித்தான் நமக்கு காட்டுது. அதனாலதான் கன்ட்ரோலரை ஓவனோட சூடான பக்கவாட்டுத் தகடுல மாட்டினா ரீடிங் ஒழுங்கா நிக்காது.

பேக்கரி ஓவனுக்கு ஜே, கே ரெண்டும் சரி, ஆனா ஜேல ஒரு ஒயர் சுத்த இரும்பு, ஈரத்துல துருப்பிடிக்கும், புதுசா வாங்கறதுன்னா கே போடுங்க. 1000 டிகிரியைத் தாண்டி நாள் முழுக்க ஓடற ஃபர்னஸுக்கு கே சீக்கிரம் தேஞ்சு ரீடிங் நகர ஆரம்பிச்சுடும், "என்" டைப் கொஞ்சம் மேல், இல்லைன்னா பிளாட்டினம் ரோடியம் கலந்த எஸ், ஆர் டைப். தங்கம் உருகறதே 1064ல, அந்த வேலைக்கு எஸ் டைப் விலை அதிகம்னு யோசிக்காதீங்க. வாங்கற டைப்பை கன்ட்ரோலர் செட்டிங்லயும் மாத்தணும், இதை மறந்துட்டு வர்றவங்க நிறைய.

ஆர்டுயினோவோட மேக்ஸ்6675 போர்டு போடறவங்களுக்கு ஒரு வார்த்தை, அது ஒரு தடவை அளக்க 0.22 செகண்ட் வரைக்கும் எடுக்கும், அதை விட வேகமா கேட்டுக்கிட்டே இருந்தா பழைய ரீடிங்லயே உறைஞ்சு நிக்கும். அரை செகண்டுக்கு ஒரு தடவை கேளுங்க.

தெர்மோகப்பிள் ஒயர் பத்தலை, வீட்ல இருக்கற காப்பர் ஒயரால நீட்டலாமா?

தயவு செஞ்சு வேண்டாம். கணக்கு போட்டே காட்டறேன். ஃபர்னஸ் மேல தெர்மோகப்பிளோட தலைப்பெட்டி இருக்கும், அந்த இடம் 60 டிகிரி. கன்ட்ரோலர் பேனல் 35 டிகிரி. நடுவுல காப்பர் போட்டா, தலைப்பெட்டிக்கும் பேனலுக்கும் இருக்கற 25 டிகிரி வித்தியாசம் கணக்குலயே வராது. காப்பர் ரெண்டு பக்கமும் ஒரே உலோகம், அதுல வோல்டேஜ் பிறக்காது. டிஸ்ப்ளே 25 டிகிரி குறைச்சுக் காட்டும், கன்ட்ரோலர் அதை நம்பி 25 டிகிரி கூடுதலா சூடேத்தும். காலையில பேனல் குளிர்ந்து இருக்கும்போது ஒரு ரிசல்ட், மதியம் ஒரு ரிசல்ட்னு சரக்கு மாறி மாறி வரும், ஆள் மேல பழி விழும்.

கே டைப்புக்குன்னு காம்பன்சேட்டிங் கேபிள் தனியா விக்கறாங்க, அதையே போடுங்க. அதையும் மாத்திப் போட்டா இன்னும் மோசம், 25க்கு பதிலா 50 டிகிரி குறையும். கலர்ல ஏமாந்துடறோம், ஏன்னா அமெரிக்க முறையில கே டைப்புல மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்புன்னா பிளஸ்னு பழகின கை தானா மாத்தி மாட்டிடும். ஐஇசிங்கற சர்வதேச முறையில பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். கலர் புரியலைன்னா சின்ன காந்தம் எடுங்க, கே டைப்புல காந்தம் ஒட்டற ஒயர் மைனஸ். ஜே டைப்புல ஒட்டறது இரும்பு, அது பிளஸ்.

பிடி100ல மூணு ஒயர் எதுக்கு? ரெண்டு போதாதா?

பிடி100 ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 ஓம்தான் மாறும். 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் 10 மீட்டர் இழுத்தா போக வர 20 மீட்டர், அதோட ரெசிஸ்டன்ஸே 0.7 ஓம் பக்கம். ரெண்டு ஒயர்னா அந்த 0.7ம் சூடாவே கணக்காகி 1.8 டிகிரி கூட காட்டும். மூணாவது ஒயரை வச்சு கன்ட்ரோலர் ஒயரோட ரெசிஸ்டன்ஸை தெரிஞ்சுக்கிட்டு கழிச்சுடும், ஆனா மூணு ஒயரும் ஒரே தடிமன், ஒரே நீளம் இருந்தாத்தான் அந்தக் கழித்தல் சரியா வரும். ஒண்ணு அறுந்துடுச்சுன்னு வேற ஒயரால நடுவுல ஒட்டு போட்டா தப்பும். லேப் வேலைக்கு நாலு ஒயர். பிடி100ல துல்லியத்துக்கு கிளாஸ் உண்டு, "ஏ" கிளாஸ்னா 0 டிகிரியில 0.15 பிழை, "பி" கிளாஸ்னா 0.3, சூடு ஏற ஏற ரெண்டுமே கூடும். பாலை 72 டிகிரியில 15 செகண்ட் வைக்கற பாஸ்சுரைசர்ல கிளாஸ் ஏ போடுங்க, அங்க ஒரு டிகிரி குறைஞ்சாலும் குடிக்கறவங்க உடம்பு சம்பந்தப்பட்டது.

மல்டிமீட்டரை வச்சு சென்சார் நல்லா இருக்கான்னு பாக்கலாமா?

பாக்கலாம், 30 டிகிரி ரூம்னு வச்சு சொல்றேன். பிடி100 சுமார் 112 ஓம், மூணு ஒயர்னா ரெண்டு சிவப்புக்கும் நடுவுல கிட்டத்தட்ட 0, சிவப்புக்கும் வெள்ளைக்கும் 112. 10கே என்டிசி 8 கிலோ ஓம் பக்கம், விரலால பொத்தினா மெதுவா இறங்கணும். தெர்மோகப்பிள் சில ஓம்தான் வரும், மீட்டர் ஓபன்னு காட்டினா அறுந்திருக்கு. தப்பு சென்சார்லயா கன்ட்ரோலர்லயான்னு குழப்பமா இருந்தா, தெர்மோகப்பிளை கழட்டிட்டு அந்த ரெண்டு டெர்மினலையும் சின்ன ஒயர் துண்டால ஷார்ட் பண்ணுங்க. டிஸ்ப்ளே பேனலோட சூட்டை, 35 மாதிரி, காட்டினா கன்ட்ரோலர் நல்லா இருக்கு.

ஐஆர் கன் வச்சு கொதிக்கற பாத்திரத்தை அளந்தா 45தான் காட்டுது?

பளபளன்னு இருக்கற எவர்சில்வர் தன்னோட சூட்டை ரொம்ப கம்மியா வெளியிடும், சுத்தி இருக்கற சுவரோட சூட்டை கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். கன் பாக்கறது முக்கால்வாசி உங்க சமையலறைச் சுவரை. தோல், தண்ணி, கறுப்பு பெயின்ட், இதெல்லாம் சூட்டை வெளியிடற திறன் (எமிசிவிட்டி) 0.95க்கு மேலயோ பக்கத்துலயோ, அதுல சரியா காட்டும். பளபளப்பான உலோகத்துல ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அளங்க, 80 டிகிரி வரைக்கும் இது சரிப்படும், அதுக்கு மேலன்னா மேட் கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு. சிவப்பு லேசர் புள்ளி குறி பாக்க மட்டும்தான், அளக்கறது அதைச் சுத்தி இருக்கற வட்டத்தை. 12க்கு 1ன்னு போட்ட கன் 120 சென்டிமீட்டர் தூரத்துல 10 சென்டிமீட்டர் வட்டத்தோட சராசரியைத்தான் சொல்லும்.

சென்சாரை எங்க வைக்கறது?

இந்தக் கேள்வியை கேக்கறவங்க கம்மி, ஆனா எனக்கு வர்ற கம்ப்ளெய்ன்ட்ல நிறைய இடம் தப்பினதாலதான். இன்குபேட்டர்ல முட்டையோட உயரத்துல, ஹீட்டர் நேரா பாக்காத இடத்துல வைங்க. கதவுல மாட்டாதீங்க, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சென்சார் குளிர்ந்து ஹீட்டர் அதிகமா ஓடும். தடியான ஸ்டீல் ப்ரோப் காத்துல சூடு பிடிக்க நிமிஷக்கணக்காகும், அதுக்குள்ள உள்ள சூடு தாண்டிப் போயிடும், காத்துக்கு சின்ன மணி சென்சார்தான் நல்லது.

பைப்லயோ டேங்க்லயோ முக்கறதுன்னா ப்ரோப்போட தடிமன் மாதிரி பத்து மடங்காவது உள்ள போகணும், 6 மில்லிமீட்டர் ப்ரோப்னா 60 மில்லிமீட்டர். கம்மியா போனா குழாய் வழியா சூடு வெளிய ஓடி சென்சார் குறைச்சுக் காட்டும். தெர்மோவெல்லுக்குள்ள (சென்சாரைப் பாதுகாக்கற அடி மூடின குழாய்) போடும்போது நடுவுல காத்து நிக்கக் கூடாது, ஹீட் பேஸ்ட் தடவி அடி தொடற மாதிரி தள்ளுங்க.

மருந்து, தடுப்பூசி வைக்கற ஃப்ரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரி பாக்கணும், அங்க சென்சாரை காத்துல தொங்க விட்டா கதவு திறந்த உடனே 12 காட்டி அலாரம் அடிக்கும், மருந்து அவ்வளவு சூடாகியே இருக்காது. சின்ன பாட்டில்ல கிளைகால்ங்கற திரவத்தை ஊத்தி அதுக்குள்ள சென்சாரை வைங்க, அப்ப குப்பிக்குள்ள இருக்கற மருந்து படற சூட்டைத்தான் அதுவும் படும்.

சென்சாரே தன்னை சூடாக்கிக்கறதும் உண்டு. 10கே என்டிசிக்கு 5 வோல்ட்ல 10கே ரெசிஸ்டர் வச்சு நிறுத்தாம கரன்ட் கொடுத்தா, காத்துல 0.3ல இருந்து 0.6 டிகிரி வரைக்கும் தானா ஏறிடும். அளக்கற நேரம் மட்டும் சப்ளை கொடுங்க. வைஃபை சிப் பக்கத்துலயே சாலிடர் பண்ணின சென்சாரும் அதே கதை, ஒரு சாண் ஒயர்ல தள்ளி வைங்க.

ஏசில ரெண்டு சென்சார் இருக்கே, ஏதோ ஒண்ணை மாத்திப் போடலாமா?

ஒண்ணு ரூம் சென்சார், இன்னொண்ணு காயில் சென்சார், ரெண்டுமே என்டிசிதான், ஆனா மதிப்பு ஒண்ணா இருக்கணும்னு இல்லை, 5கே, 10கேன்னு மாறும். மாடலைச் சொல்லி அதே மதிப்பு வாங்குங்க.

ஒரே சென்சாரை நம்பி ராத்திரி முழுக்க ஹீட்டரை விட்டுட்டு தூங்கலாமா?

கூடாது. தெர்மோகப்பிள் அறுந்தா நல்ல கன்ட்ரோலர் கண்டுபிடிச்சு ஹீட்டரை நிறுத்தும். ஆனா ஒயர் மேல இருக்கற இன்சுலேஷன் உருகி ரெண்டு ஒயரும் வழியில தொட்டுக்கிட்டா கன்ட்ரோலரால கண்டுபிடிக்கவே முடியாது, அந்த தொட்ட இடமே புது சென்சார் ஆயிடும். ஒரு ஓவன்ல கதவோரமா இப்படித்தான் ஒயர் நசுங்கியிருந்துச்சு, உள்ள 300 தாண்டி ஏறிக்கிட்டு இருக்கு, டிஸ்ப்ளே கதவோர சூடு 70ஐ காட்டிக்கிட்டு ஹீட்டரை விடாம ஓட்டியிருக்கு. ஆள் வாசனை பிடிச்சு மெயினை அணைச்சதால தப்பிச்சாங்க. சென்சார் ப்ரோப் சும்மா கழண்டு வெளிய விழுந்தாலும் இதேதான் நடக்கும்.

அதனால தனி சென்சார், தனி ரிலேயோட ஒரு ஓவர் டெம்பரேச்சர் கட் அவுட் கட்டாயம் வைங்க. மெயின் கன்ட்ரோலரோட எந்த ஒயரும் அதுக்கு பொதுவா இருக்கக் கூடாது, தானா திரும்ப ஆன் ஆகாத வகையா, கையால அழுத்தி ரீசெட் பண்ற மாதிரி இருக்கணும். இன்குபேட்டர்னா 39லயும், ஓவன்னா வேலை சூட்டுக்கு மேல 30, 40 டிகிரியிலயும் செட் பண்ணுங்க. மாசத்துக்கு ஒரு தடவை வேணும்னே அந்த செட்டிங்கை கீழ இறக்கி ஹீட்டர் நிக்குதான்னு கண்ணால பாருங்க, நின்னுச்சுன்னா பழைய நம்பருக்கு ஏத்தி வச்சு, தேதியை பேனல் கதவு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வைங்க.